வெளியே சாத்திவைத்த மண்வெட்டி

வெள்ளிக்கிழமை இரவு. வரவேற்பறையில் பழைய பாயொன்றை விரித்து அதன்மேல் மூன்று பொருட்களை மகள் வரிசையாக வைத்திருக்கிறாள். கைக்கு அடக்கமான சிவப்புக் கருவி ஒன்று. மடித்துக் கட்டிய அலுமினியக் கம்பி ஒன்று. தகடு வேறு, பிடி வேறாகக் கழற்றிய, பனி வெட்டும் ஷவல் ஒன்று. நாளை விடிய அவள் என்னோடு வருகிறாள். லிப்ட் இல்லாத, யாரும் உருட்டிச் சமப்படுத்தாத, காவலுக்கு ஆளில்லாத மலைச்சரிவுக்கு அவள் வருவது இதுதான் முதல் தடவை. பதினாறு வயது.

"அம்மா, எதை முதல் வைக்கிறது?"

இதே கேள்வியை நான் பதினொரு வயதில் என் அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். வலிகாமத்தில் எங்கள் வீட்டு அறைக் கதவின் பின்னால் ஓர் ஆணியில் எப்போதும் ஒரு துணிப்பை தொங்கும். மாச் சாக்கை வெட்டி அம்மாவே தைத்த பை. அடியில் காணி உறுதி, அதன் மேல் பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், பிறகு ஒரு சிறு நகைப்பொட்டலம், மெழுகுதிரி, தீப்பெட்டி, பிஸ்கட். எல்லாவற்றுக்கும் மேலே அடையாள அட்டைகள். அந்த ஒழுங்கு ஒருநாளும் மாறாது. "இருட்டிலயும் கை நேரே போகவேணும், பிள்ளை. தேடிக்கொண்டிருக்க நேரம் இராது" என்பாள். 1995 ஒக்ரோபர் 30 இரவு, போருக்குப் பயந்து வலிகாமமே மழையில் தென்மராட்சி நோக்கி நடந்தபோது அந்தப் பை அம்மாவின் தோளில் இருந்தது. வீட்டில் விட்டுவந்தவை எத்தனையோ. பையில் இருந்தவற்றில் ஒன்றுகூடத் தவறவில்லை.

மகள் சிவப்புக் கருவியைத் தூக்கிப் பைக்குள் போடப் பார்த்தாள். தடுத்தேன். மூன்றில் அது ஒன்றுதான் பைக்குள் போகக்கூடாதது. பனிச்சரிவு ஆளை உருட்டிக்கொண்டு போகும்போது பையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடலாம். ஆகவே கருவியை அதன் பட்டியோடு உள்சட்டைக்கு மேல் மாட்டி, அதன் மேல் ஜாக்கெட்டைப் போட்டு ஜிப்பை இழுத்து மூடவேண்டும். ஜெர்மன் மொழியில் அதற்கு ஒரு மூச்சில் சொல்லி முடிக்க முடியாத பெயர் இருக்கிறது. இங்குள்ளவர்கள் எல்விஎஸ் என்று சுருக்குவார்கள், அல்லது அது எழுப்பும் சத்தத்தை வைத்து பீப்ஸர் என்பார்கள். வேலை எளிமையானது. போட்டிருக்கும்வரை செக்கனுக்கு ஒரு தடவை அளவில் ஒரு துடிப்பை வானொலி அலையாக அனுப்பிக்கொண்டே இருக்கும். யாராவது புதைந்துவிட்டால் மற்றவர்கள் தங்கள் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றி அந்தத் துடிப்பைக் கேட்டுப் போகவேண்டும். யார் செய்த கருவியானாலும் உலகம் முழுவதும் ஒரே அலைவரிசை, 457 கிலோஹேர்ட்ஸ். முன்பின் தெரியாத ஒருவன் புதைந்தாலும் என் கருவிக்குக் கேட்கவேண்டும் என்பதற்காகச் செய்துகொண்ட ஏற்பாடு அது.

போன் அதற்கு ஆகாது. அனுப்பும்போது இரண்டுக்கும் இடையில் 20 சென்ரிமீற்றர், தேடும்போது 50 சென்ரிமீற்றர் விலகல் வேண்டும். மகள் போனை நெஞ்சுப் பையிலிருந்து எடுத்துக் காற்சட்டைப் பைக்கு மாற்றினாள். பற்றறியைப் பார்த்தாள். போன வசந்தத்தில் பழைய பற்றறியைக் கழற்றிவைத்ததும் நான்தான், இந்த மார்கழியில் புதியதைப் போட்டதும் நான்தான். கோடை முழுக்க உள்ளே கிடந்தால் அது கசிந்து கருவியைத் தின்றுவிடும்.

என்னுடையது பாரிவொக்ஸ் வகை. அந்தப் பெயரில் இருக்கும் பாரி ஒரு நாய். சுவிஸுக்கு வந்த அடுத்த வருடம் பள்ளிக்கூடத்தில் பேர்ண் நகரத்து இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனார்கள். பாடம் செய்து நிறுத்திய ஒரு நாயின் முன்னால் வகுப்பே கூடி நின்றது. கிரேட் சென் பெர்னார்ட் கணவாயில் துறவிகள் நடத்திய மடத்தில் வளர்ந்தது. 1800இல் பிறந்து 1814இல் இறந்தது. அந்த ஆயுளில் பனியில் சிக்கிய 40 பேருக்கு மேல் காப்பாற்றியது என்று சொல்கிறார்கள். எனக்கு அப்போது ஜெர்மன் பாதிதான் விளங்கும். ஒரு நாய்க்கு இவ்வளவு மரியாதையா என்று வியந்தது மட்டும் நினைவிருக்கிறது. இருபது வருடம் கழித்து அதன் பெயரை நெஞ்சில் கட்டிக்கொண்டு மலையேறுவேன் என்று யார் கண்டது.

நாய்க்கும் கருவிக்கும் இடைப்பட்ட காலத்தில் ஒரு சிவப்புக் கயிறு இருந்தது. எனக்கு மலையைச் சொல்லித்தந்த பெரியவர் தன் தகப்பனுடைய கயிற்றைச் சுருட்டி ஒரு தகரப்பெட்டியில் வைத்திருந்தார். இருபது மீற்றருக்கு மேல் நீளம். ஒரு முனையை இடுப்பில் கட்டி மற்றதைப் பின்னால் இழுபட விட்டுக்கொண்டு சரிவில் இறங்குவார்களாம். ஆள் புதைந்தாலும் இலேசான கயிறு எங்காவது ஓரிடத்தில் மேலே கிடக்கும் என்ற நம்பிக்கை. இடையிடையே சிறு உலோக வில்லைகள், அவற்றில் ஆள் இருக்கும் பக்கம் காட்டும் அம்புக்குறி. அந்த வில்லை ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். அம்பு தேய்ந்திருந்தது. "இது எப்போதாவது உதவியதா?" என்று கேட்டேன். "அவருக்குத் தேவைப்படவில்லை. அவர் போகாத நாட்கள்தான் அதிகம்" என்றார் பெரியவர்.

அவர் எங்கள் அப்பா வேலை செய்த ஹொட்டலின் தச்சர். குளிர்காலத்தில் மலை வழிகாட்டி. அப்பா அந்த ஹொட்டலில் 1989 முதல் கோப்பை கழுவினார். கிராபுண்டன் மாநிலத்தில், டாவோஸிலிருந்து தொலைவில்லாத ஒரு பள்ளத்தாக்கு. நாங்கள் வந்து சேர்ந்தபோது அந்த ஊரில் தமிழ்க் குடும்பம் எங்களுடையது ஒன்றுதான்.

அங்கே வந்து இரண்டாவது குளிர்காலம், 1999. ஜனவரி கடைசியில் தொடங்கிய பனி பெப்ரவரி 25 வரை மூன்று அலையாகக் கொட்டித் தீர்த்தது. அல்ப்ஸ் மலையில் சில இடங்களில் 5 மீற்றருக்கு மேல் விழுந்தது. தெரு அடைபட்டது, பள்ளிக்கூடம் நின்றது. அப்பாவும் தச்சரும் ஹொட்டல் கூரையில் ஏறி நாள் முழுக்கப் பனி தள்ளினார்கள். பெப்ரவரி 21இல் எவொலேன் என்ற ஊரில் 12 பேரைப் பனி கொண்டுபோனது. இரண்டு நாள் கழித்து எல்லைக்கு அப்பால் ஒஸ்திரியாவில் கால்ட்யூர் ஊரின் நடுவிலேயே இறங்கி 31 உயிரை எடுத்தது. அந்தக் குளிர்காலத்தில் சுவிஸில் மட்டும் வீடுகளிலும் தெருக்களிலும் 17 பேர் செத்தார்கள். இரவில் மேலே எங்கோ இடி இடிப்பது போல் கேட்கும். நானும் தம்பியும் அம்மாவைப் பார்ப்போம். அந்தச் சத்தம் எங்கள் மூவருக்கும் வேறொன்றை நினைவூட்டியது. யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஓர் இரவு அம்மா எழுந்து போய்ச் சமையலறை மூலையில் இருந்த ஷவலை எடுத்தாள். கதவைத் திறந்து வெளிச்சுவரில் சாத்திவிட்டு வந்து படுத்தாள். ஏனென்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

தமிழில் எனக்குப் பனி ஒரு சொல்தான். மார்கழிப் புல்லில் இருப்பதும் அதுதான், மலையைப் பெயர்ப்பதும் அதுதான். பெரியவரிடம் அதற்கு எத்தனையோ பெயர்கள் இருந்தன. புதிதாக விழுந்து பஞ்சாகக் கிடப்பது ஒன்று. காற்று அள்ளிவந்து மேட்டுக்குப் பின்னால் குவிப்பது ஒன்று. அடியில் கிடந்து உருக்குலைந்து மணி மணியாகிப்போனது ஒன்று. எனக்குப் பத்தொன்பது வயதில் ஒரு சரிவில் இடுப்பளவு குழி வெட்டி அதன் சுவரைக் காட்டினார். படை படையாக இருந்தது. விரலால் ஒவ்வொரு படையையும் குத்திப் பார்க்கச் சொன்னார். மேல் படை அவித்த பிட்டுப் போல் ஒட்டிக்கொண்டு கட்டியாக வந்தது. அடியில் இருந்த படையில் கையை வைத்ததும் சீனி போல் பொலபொலவென்று உதிர்ந்தது. எவ்வளவு அழுத்தினாலும் உருண்டை பிடிக்கவில்லை. "இந்தச் சீனியின் மேல்தான் மேலே இருப்பதெல்லாம் உட்கார்ந்திருக்கிறது. நீ உன் பாரத்தோடு வந்து நிற்பாய்" என்றார். அன்றுதான் பனிச்சரிவு என்பது எனக்கு விளங்கியது. அது தானாக வந்து நம்மேல் விழுவது அரிது. பொழுதுபோக்குக்கு மலையேறிப் புதைபவர்களில் பத்தில் ஒன்பது பேர் விடயத்தில் பலகை போல் ஒட்டிக்கிடக்கும் அந்த மேல் படையை உடைத்தது அவரே, அல்லது கூடப் போனவர்.

ஆகவே பை கட்டும் வேலை பைக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. டாவோஸில் இருக்கும் பனி ஆராய்ச்சி நிறுவனம் குளிர்காலத்தில் தினமும் மாலை 5 மணிக்கு அறிக்கை வெளியிடும். 1945 முதல் நாட்டுக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை அங்கிருந்துதான் வருகிறது. ஆபத்து 1 முதல் 5 வரை ஐந்து தரம். 1999இல் நாங்கள் பார்த்தது 5. ஆனால் மலைக்குப் போய்ச் சாகிறவர்களில் மிகப் பலர் சாவது 3ஆம் தரத்து நாட்களில். 5 என்றால் எவரும் போகமாட்டார்கள். 3 என்றால் வெயில் எறிக்கும், மலை வடிவாக இருக்கும், போகலாம் போல் இருக்கும். பிறகு சரிவின் கோணம். 30 பாகைக்கு மேல் சாய்ந்த இடத்தில்தான் பலகை வழுக்கும். வரைபடத்தில் அந்தச் சரிவுகளுக்கு வேறு வேறு நிறம் அடித்திருக்கும். மகள் இன்று மாலை அறிக்கையைச் சத்தமாக வாசித்தாள். 3ஆம் தரம், 2,200 மீற்றருக்கு மேல் வடக்குப் பக்கம், பழைய பனியில் பலவீனமான படை. அவளுக்குப் பிடித்த சரிவு வடக்குப் பக்கம். அதை விட்டுவிட்டோம். நிறமில்லாத ஒரு சிறு மேட்டைத் தெரிந்தெடுத்தோம். முகம் கொஞ்சம் வாடியது, அவ்வளவுதான்.

இந்த மலைக்காரர்களின் அறிவை 2018இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வமாகப் பட்டியலில் சேர்த்தது. சுவிஸுக்கும் ஒஸ்திரியாவுக்கும் பொதுவாக. செய்தியைப் படித்தபோது தச்சரின் தகப்பன் கட்டிக்கொண்ட அந்தக் கயிறுதான் கண்ணுக்குள் வந்தது.

பெரியவர் அவ்வளவு சொல்லித்தந்தும் நான் ஒரு பிழை விட்டேன்.

2008 பெப்ரவரி. மூன்று பேர் போனோம். நான், ஒரு தோழி, அவளுடைய அண்ணன். மலைமுகட்டுக்குக் கீழே காற்று குவித்துவைத்த ஒரு பள்ளம். ஒருவர் பின் ஒருவராக இறங்குவதாகப் பேச்சு. அண்ணன் இறங்கிக் கீழே பாறைக்குப் பக்கத்தில் பாதுகாப்பாக நின்றார். தோழி இரண்டாவதாக இறங்கினாள். நான்காவது வளைவில் வும் என்று ஒரு சத்தம் பனிக்குள்ளிருந்து வந்தது. கண்முன்னே சரிவில் ஒரு கோடு ஓடியது. அதற்குக் கீழே இருந்ததெல்லாம் ஓடுகள் போல் உடைந்து நகர்ந்தது. அவள் அதன் நடுவில் நின்றாள். பிறகு நிற்கவில்லை.

அவளைக் கடைசியாகக் கண்ட இடத்தை மனதில் குறித்துக்கொண்டு இறங்கினேன். கருவியில் முதலில் 38 என்று காட்டியது. அம்புக்குறி நேர்கோட்டில் கொண்டுபோகாது, வளைத்துத்தான் கொண்டுபோகும். 20, 11, 4. மூன்றுக்குக் கீழே வந்ததும் கருவியைப் பனியோடு ஒட்டிப் பிடித்து மெல்ல நகர்த்தவேண்டும். அண்ணனும் வந்துவிட்டார். 0.9க்குக் கீழே இறங்கவில்லை. அவர் கம்பியை உதறி நீட்டினார். அந்தச் சரிவுக்குச் செங்குத்தாகக் குத்தி, ஒரு சாணுக்குச் சற்றுக் கூடத் தள்ளித் தள்ளி, சுற்றிச் சுற்றிக் குத்தினார். தரையைத் தொட்டால் கம்பி டக்கென்று நிற்கும். உடம்பைத் தொட்டால் சற்று அமுங்கித் திருப்பித் தள்ளும். ஐந்தாவது குத்தில் அவர் கை நின்றது. கம்பியை எடுக்கவில்லை. "தோண்டு" என்றார்.

நான் பையைத் திறந்தேன். ஷவலுக்கென்று பையின் முன்பக்கம் தனி அறை உண்டு. அதில் ஷவலும் கம்பியும் தவிர வேறெதுவும் வைக்கக்கூடாது என்று எனக்குத் தெரியும். அன்று காலை அம்மா ரொட்டியும் சம்பலும் கட்டித் தந்திருந்தாள். உள்ளே இடமில்லையென்று அந்தச் சாப்பாட்டுப் பெட்டியை முன்னறையில் திணித்திருந்தேன். பெட்டி ஷவல் தகட்டில் இறுகி ஜிப்பையும் பிடித்துக்கொண்டது. இழுத்தேன். கையுறையைக் கழற்றிவிட்டு இழுத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகியிராது. ஆனால் என் ஷவல் வெளியே வரும் முன்பே அவளுடைய அண்ணன் தோண்டத் தொடங்கியிருந்தார்.

ஓடிவந்து நின்ற பனி ஓடும்போது இருந்த பனி அல்ல. சீமெந்தாக இறுகிவிடும். கையால் ஒரு பிடி எடுக்க முடியாது. பிளாஸ்டிக் ஷவல் என்றால் உடைந்துபோகும். நேரே மேலிருந்து தோண்டக்கூடாது, கம்பிக்குக் கீழ்ப்பக்கம் சற்று விலகி நின்று பக்கவாட்டில் வெட்டிக்கொண்டு போகவேண்டும். முன்னால் ஒருவர் வெட்ட, பின்னால் ஒருவர் தள்ளவேண்டும். ஜாக்கெட்டின் நிறம் தெரிந்தது. முதலில் தலை. வாயிலிருந்த பனியை விரலால் எடுத்தேன். உதடு நீலமாக இருந்தது. இருமினாள்.

தோள் எலும்பு முறிந்தது, உயிருக்கு ஒன்றுமில்லை. மணிக்கூட்டைப் பார்த்தபோது எல்லாமாக ஒன்பது நிமிடம். அந்த எண்ணின் பொருளை நான் பின்னாளில்தான் படித்து அறிந்தேன். சுவிஸில் நாற்பது வருட விபத்துகளை ஆராய்ந்து 2024இல் வெளியிட்டார்கள். முழுதாகப் புதைந்தவரை 10 நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணிநேரம் ஆனால் பத்தில் மூன்று பேர். இடையில் இருக்கும் இருபது நிமிடத்தில்தான் எல்லாம் போய்விடுகிறது. 1414ஐ அழைத்தால் ஹெலிகொப்டர் வரும், நாயும் வரும். எவ்வளவு விரைந்து வந்தாலும் அந்த முதல் பத்து நிமிடம் கூட நிற்பவர்களுடையது.

அம்மாவிடம் அதைப் பல வருடம் சொல்லவில்லை. 2016 பெப்ரவரியில் தமிழ்த் தொலைக்காட்சியில் ஒரு செய்தி ஓடியது. சியாச்சின் பனிமலையில் மதராஸ் ரெஜிமெண்ட் படைப்பிரிவின் காவல்நிலை ஒன்றைப் பனி மூடிவிட்டது, பத்துப் பேர், அவர்களில் நால்வர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். ஆறாம் நாள் ஹனுமந்தப்பா என்ற கர்நாடக வீரரை உயிரோடு எடுத்தார்கள். 11ஆம் திகதி அவரும் போய்விட்டார். அம்மா சாமிப்படத்துக்கு முன்னால் விளக்கை ஏற்றிவிட்டு வந்து என்னிடம் கேட்டாள்.

"நீயும் இப்பிடி இடத்துக்குத்தானே போறாய்?"

அப்போதுதான் சொன்னேன். தோழி, ஒன்பது நிமிடம், ரொட்டிப் பெட்டி எல்லாம். இனிப் போகாதே என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். அம்மா சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்கட பங்கர் நினைவிருக்கோ?" என்றாள்.

நினைவிருந்தது. ட வடிவத்தில் தாத்தா வெட்டியது. மேலே பனங்குற்றி அடுக்கி, அதன் மேல் மண்மூட்டை. உள்ளே இறங்கும் வாசலுக்கு வெளியே, முருங்கை மரத்தில் ஒரு மண்வெட்டி எப்போதும் சாத்தியிருக்கும். நான் அதைத் தோட்டத்து மண்வெட்டி என்றே நினைத்திருந்தேன். களவு போய்விடும், உள்ளே எடுத்து வையுங்கோ என்று அம்மா தாத்தாவிடம் சொல்லியிருக்கிறாள். அவர் சொன்னதை அம்மா அப்படியே சொன்னாள். "உள்ளுக்கு வைச்சால் ஆருக்குப் பிரயோசனம்? மண் மூடினால் தோண்டப்போறது நாங்களோ? வெளியில நிக்கிற ஆளின்ர கையில அது அம்பிடவேணும்."

1999இல் அம்மா எழுந்துபோய் ஷவலை வெளியே வைத்த இரவு எனக்கு அன்றுதான் விளங்கியது.

இப்போது பாயின் முன்னால் இருக்கிறேன். "எதை முதல் வைக்கிறது?" என்று கேட்ட பிள்ளை இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறாள். சொல்கிறேன். பெரிய அறையின் அடியில் மாற்று ஜாக்கெட், காயமருந்துப் பொட்டலம், ஆளை மூடும் தகட்டுத்துணி. நடுவில் சுடுதண்ணீர்ப் போத்தல். மேலே நெற்றி விளக்கு, கையுறை. அம்மம்மா அனுப்பிய ரொட்டி அதற்குப் பக்கத்தில். முன்னறையில் கம்பி, தகடு, பிடி. வேறெதுவும் இல்லை, ஒரு மிட்டாய்கூட இல்லை. என் பையில் இழுத்தால் ஊதும் காற்றுப்பையும் இருக்கிறது. சுளகில் புடைக்கும்போது பெரியவை மேலே வருவது போல், ஓடும் பனியில் ஆளைப் பெரிதாக்கி மேலே வைக்கப் பார்க்கும். நல்ல பொருள்தான். ஆனால் பாறையில் மோதினால் அதுவும் காப்பாற்றாது. மூன்றுக்குப் பதிலாக அது வராது.

"இந்த மூன்றும் என்னைக் காப்பாற்றுமா?" என்று கேட்டாள்.

"உன்னுடைய ஷவல் என்னைக் காப்பாற்றும். உன்னைக் காப்பாற்றுவது என்னுடையது" என்றேன். கொஞ்சம் யோசித்தாள். பிறகு பையை மூடிக்கொண்டு எழுந்துபோய் விளக்கை அணைத்தாள். இருட்டில் ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது. கம்பியை உதறிய சத்தம். பிடியைத் தகட்டில் சொருகியதும் கொளுவி மாட்டிய சிறு டிக். விளக்கைப் போட்டாள். ஷவல் கையில் இருந்தது. "இன்னொருக்கா" என்று சொல்லி மறுபடி அணைத்தாள். நான்கு தடவை செய்தாள். அம்மாவின் துணிப்பை ஆணியில் தொங்கிய அந்தக் கதவு எனக்குள் எங்கோ திறந்து மூடியது.

இன்று சுவிஸிலும் நோர்வேயிலும் கனடாவிலும் நம் பிள்ளைகள் பனிக்குப் போகிறார்கள். போகட்டும். அந்த வடிவு அவர்களுக்கும் உரியது. வெளிக்கிடும்போது ஜாக்கெட் போட்டாயா, சாப்பாடு எடுத்தாயா என்று கேட்கும் தாய் தகப்பன்மாரே, இன்னும் மூன்று கேளுங்கள். மாலை அறிக்கையை வாசித்தாயா? கருவியும் கம்பியும் ஷவலும் உன்னிடம் இருக்கிறதா? உன்னோடு வருகிற ஒவ்வொருவரிடமும் இருக்கிறதா, பாவிக்கத் தெரியுமா? மூன்றாவது கேள்விக்கு ஓம் என்ற பதில் வராவிட்டால் அன்று போகவேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் பிள்ளையைத் தோண்டி எடுக்கவேண்டிய ஷவல் இருப்பது மற்றப் பிள்ளையின் பைக்குள்.